வார்னிங் துடைக்க எது தேவலை: கிளாங்-டைடியா, ஏஐ உதவியாளரா?

மலேசியாவின் பேராக்கில் சில செம்பனை ஆலைகளின் எடைமேடை மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் வேலை. அலுவலகம் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவீட்டு மாடியில். சி++ நிரல் பழையது, பல கை மாறி வந்தது. கம்பைலரான (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) ஜிசிசியைப் புதிய பதிப்புக்கு மாற்றி, டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, டபிள்யூ-சஜெஸ்ட்-ஓவர்ரைடு என்ற மூன்று எச்சரிக்கைத் தேர்வுகளையும் போட்டதும் திரை நிறைய வார்னிங், அதாவது இங்கே கோளாறு இருக்கலாம் என்ற கம்பைலரின் எச்சரிக்கை. கையால் திருத்திக்கொண்டிருந்தால் வேறு வேலை ஓடாது. அதனால் நிரலை விதிப்படி சோதித்துத் தானே திருத்தும் கிளாங்-டைடி கருவியின் ஃபிக்ஸ் வசதியையும், ஒரு ஏஐ உதவியாளரையும் எங்கள் நிரலிலேயே ஓட்டிப் பார்த்தோம். நான் கிளாங்-டைடி பக்கம்.

வார்னிங்கையே அணைத்து வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வார்னிங் வராமல் இருந்தால் போதும் என்று கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையின் கதை போதும். 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி குறை சொன்ன வரிகளை எடுத்துவிட்டார்கள். சத்தம் நின்றது. ஆனால் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையும் அவற்றோடு போய், மிஞ்சியது புராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டும். அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை அந்த வலுவில்லாத சாவிகள் புழக்கத்தில் இருந்தன.

வேகத்தில் இரண்டுமே மனிதனை விட மேல். தொடங்குவதற்கு ஏஐ சுலபம். கிளாங்-டைடிக்கு ஒவ்வொரு கோப்பும் எப்படிக் கம்பைல் ஆகிறது என்ற பட்டியல் வேண்டும், நிரலைக் கட்ட உதவும் சிமேக் கருவி இருந்தால் ஒரு அமைப்பை இயக்கினாலே அது கிடைத்துவிடும். மேக்ஃபைல் (கம்பைல் கட்டளைகள் எழுதிய கோப்பு) மட்டும் உள்ள திட்டம் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது வேறு: திருத்தியதை யார் படிப்பது, அப்புறம் யார் பராமரிப்பது என்பதுதான்.

கிளாங்-டைடியில் ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் இயக்கலாம். பயன்படாத பாராமீட்டர் (ஃபங்ஷனுக்குத் தரும் உள்ளீடு) என்றால் பெரும்பாலும் அதன் பெயரைக் கமெண்டுக்குள் போடும். தாய் வகுப்பின் ஃபங்ஷனை மாற்றி எழுதுகிறோம் என்று காட்டும் ஓவர்ரைடு என்ற சொல் விடுபட்டிருந்தால் சேர்க்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளில் கை வைத்தாலும் மாற்றம் ஒரே அச்சு. விதியைப் புரிந்துகொண்டு, அங்கங்கே எடுத்துப் பார்த்து, டெஸ்ட் ஓட்டினால் நம்பிக்கை வந்துவிடும். ஏஐ அனுப்பிய திருத்தத்தில் ஒரே வார்னிங்குக்கு ஒரு கோப்பில் காஸ்ட் (அந்த இடத்தில் மட்டும் மதிப்பின் வகையை மாற்றுவது), இன்னொன்றில் மாறியின் வகையையே மாற்றுதல், மூன்றாவதில் ஃபங்ஷனையே மாற்றி எழுதியிருந்தது. எங்கள் ரிவ்யூவைப் பார்க்கும் அக்கா நேராகவே சொன்னார்: "தம்பி, அதுல விதியைப் படிச்சா போதும். இதுல ஒவ்வொரு வரியையும் படிக்கணும்." இத்தனைக்கும் ரிவ்யூ பார்க்க எங்களிடம் இருப்பதே அவரும் நானும்தான்.

ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். லாரி பழக்குலையோடு மேடை ஏறும்போது மொத்த எடை, இறக்கிவிட்டு வரும்போது வெறும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். எங்கள் நிரலில் மொத்த எடை அன்சைன்டு (எதிர்மறை எண் ஏற்காத வகை), வெறும் எடை சாதாரண இன்ட் (எதிர்மறையும் ஏற்கும் வகை). இன்னும் எடை போடாத லாரிக்கு வெறும் எடை -1 என்று பழைய வழக்கம். இரண்டையும் ஒப்பிடும் வரியில் சைன்-கம்பேர் வார்னிங் வந்தது. சி++ விதிப்படி அந்த -1, அன்சைன்டாக மாறும்போது 4,294,967,295 ஆகிவிடும். அதாவது வார்னிங் சொன்னது நிஜமான கோளாறு. ஏஐ அங்கே ஒரு ஸ்டேட்டிக் காஸ்ட் போட்டது. வார்னிங் போனது, டெஸ்ட் எல்லாம் பாஸ், கோளாறு அப்படியே உள்ளே. சி++20-இல் வந்த கம்ப்-லெஸ் என்ற ஒப்பீட்டு ஃபங்ஷனைப் போட்டால் ஒப்பீடு கணக்குப்படி சரியாகும். ஆனால் அடுத்த வரியில் -1-ஐக் கழிக்கும்போது நிகர எடை, மொத்த எடையை விட ஒரு கிலோ கூடிவிடும். -1 என்றால் "இன்னும் எடை போடவில்லை" என்று தெரிந்த ஆள்தான் அதைத் திருத்த முடியும். சைன்-கம்பேர் வகை முழுவதையும் கையாலேயே செய்தோம்.

பராமரிப்பில் இன்னொன்று, கிட் பிளேம்: நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் கருவியில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் வசதி. கிட் 2.23-இலிருந்து, அதாவது 2019 முதல், குறிப்பிட்ட கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) பிளேமில் கண்டுகொள்ளாமல் விட ஒரு பட்டியல் வைக்கலாம். ஒரு விதிக்கு ஒரு கமிட் என்று வைத்தால் அதை அந்தப் பட்டியலில் தைரியமாகச் சேர்க்கலாம், பழைய வரியை எழுதியது யார், ஏன் என்ற தடம் அழியாது. ஏஐயின் கலவைக் கமிட்டை அப்படி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நிஜமான மாற்றம் இருக்கலாமே.

கிளாங்-டைடிக்கும் குறை உண்டு. கம்பைல் ஆகும் பகுதியை மட்டும்தான் அது பார்க்கும். எங்கள் நிரலில் விண்டோஸில் மட்டும் கம்பைல் ஆகும்படி இஃப்டெஃப் போட்ட பகுதிகளை லினக்ஸில் ஓட்டியபோது அது தொடவே இல்லை. பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பை இணையாகத் திருத்தினால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும் ஆபத்து உண்டு. அதற்கென்றே இருக்கும் ரன்-கிளாங்-டைடி, எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே தடவை போடும். அதையே பயன்படுத்துங்கள்.

ஏஐயை நான் ஒதுக்கவில்லை. இந்த வார்னிங் எதனால் வருகிறது என்று விளக்கம் கேட்டால் நேரம் மிச்சமாகிறது. நல்ல டெஸ்ட் வசதியும் ரிவ்யூவுக்கு நிறைய ஆட்களும் உள்ள இடத்தில் கணக்கு மாறலாம், அந்த அளவுக் குழுவில் நான் வேலை செய்ததில்லை. லினக்ஸ் கர்னல்காரர்கள் பயன்படுத்தும் காக்ஸினெல் என்ற திருத்தக் கருவி சி மொழிக்கானது என்பதால் அதை நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை.

துடைத்து முடித்த வகைக்கு மட்டும் வெர்ரர் (வார்னிங்கைப் பிழையாக்கிக் கம்பைலை நிறுத்தும் தேர்வு) போடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் அடுத்த ஜிசிசி வரும் அன்றைக்கே பில்ட் நிற்கும். 2021-இல் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கர்னலுக்கே அதை இயல்பாக இயக்கி, சில நாட்களில் சோதனை பில்டுகளோடு நிறுத்திக்கொண்டார்.