ஓநாய் வழி வந்த நாயா, கோம்பையா? மதுரைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஓர் அலசல்

செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாயைப் படத்தில் பார்ப்பவர் ஓநாய் என்றே நினைப்பார். சாம்பல் ரோமம், சாய்ந்த மஞ்சள் கண், நீண்ட கால், முகத்தில் வெளிறிய தடம். ஆனால் இது காட்டு விலங்கு அல்ல. எல்லைக் காவலுக்கென்று உருவாக்கப்பட்ட வேலைக்கார நாய். அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மதுரையைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்டால் மட்டும் என் பதில் வேறு.

1955-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் கரேல் ஹார்ட்ல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய மலை ஓநாயையும் இணை சேர்க்கும் சோதனையைத் தொடங்கினார். பிரிட்டா என்ற பெண் ஓநாய்க்கும் செசார் என்ற நாய்க்கும் முதல் குட்டிகள் 1958 மே 26-இல் பிறந்தன. அதன்பின் பல ஆண்டுகளில் இந்த இனத்துக்குள் வந்த ஓநாய்கள் மொத்தம் நான்கே; கடைசி ஓநாய் சேர்க்கப்பட்டது 1983-இல். மற்றபடி மீண்டும் மீண்டும் ஷெப்பர்டுடன் சேர்த்து, பழக்க முடிந்த குட்டிகளையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார்கள். 1982-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய இனமாக ஏற்றது. 1999-இல் சர்வதேச நாயினக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. முழு அங்கீகாரம் கொடுத்தது.

இதே ஆசையோடு இதற்கு முன்பே ஒருவர் முயன்றிருக்கிறார். நெதர்லாந்தின் லேண்டர்ட் சார்லூஸ், ஷெப்பர்டு நாய்கள் நலிந்துவிட்டன என்று நம்பி, 1930-களில் ஃப்ளூர் என்ற பெண் ஓநாயோடு தம் ஷெப்பர்டைச் சேர்த்தார். உறுதியான வேலை நாய் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கிடைத்ததோ, புதியவரைக் கண்டால் விலகி ஓடும் கூச்ச சுபாவம். சில நாய்கள் பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளாக வேலை செய்தன. காவலுக்கு இந்த இனம் பொருந்தவில்லை. அவர் 1969-இல் இறந்தார். 1975-இல் டச்சு அங்கீகாரம் கிடைத்தபோது அவர் பெயரே இனத்துக்கு வைக்கப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. ஓநாய் ரத்தம் தைரியத்தைக் கொண்டுவருவதில்லை. ஓநாயின் இயல்பு ஆபத்திலிருந்து விலகுவது. அதனால்தான் அது காட்டில் பிழைக்கிறது. செக் நாயிடம் காணும் துணிச்சல், தலைமுறை தலைமுறையாக வேலைக்கு ஆகாததைக் கழித்ததால் வந்தது. நீண்ட தூர ஓட்டமும் மோப்பமும் அதன் பெரிய பலம். நூறு கிலோமீட்டர் வரை ஓட்டிச் சோதிக்கிறார்கள். சார்லூஸ் நாயைக் காவலுக்கு எடுக்கும் பேச்சே வேண்டாம்.

சரி, செக் நாயை உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால்? மோட்டார் கொட்டகைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவல் நிற்கும் நாயின் முதல் வேலை குரைப்பது. ராத்திரி யாரோ வரப்பில் நடக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தெரிய வேண்டும். செக் நாய்க்குக் குரைப்பு இயல்பாக வருவதில்லை. ஊளையும் உடலசைவுமே அதன் மொழி. அடுத்தது தனிமை. ஓநாயைப் போல இதற்கும் கூட்டம் வேண்டும். ஆள் சாப்பாடு வைத்துவிட்டுப் போய் மறுநாள் வரும் தோட்டத்தில் இதைக் கட்டிப்போட்டால், வேலியைத் தாண்டும், கதவைக் கடித்துக் குதறும், கடைசியில் மனம் உடையும். ஆடு கோழியோடு பழக்குவதற்கும் குட்டியிலிருந்தே அனுபவமுள்ள கை வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நம் வெயிலில் கார்பாத்தியக் குளிருக்கான இரட்டை ரோமத்தோடு அது படும் பாட்டை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த இடத்தில் என் கை நீள்வது கோம்பையிடம். மதுரைக்கு மேற்கே, தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர்; அந்த ஊரின் பெயரையே தாங்கிய நாய். செவலை நிறம், கருமூஞ்சி, குட்டை ரோமம், இறுகிய உடல். பன்றி வேட்டையில் பெயரெடுத்த இனம். அந்நியரை அண்டவிடாது, வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் சுருளாது. சாப்டூர் மலையடிவாரம் போல் காட்டுப்பன்றி இறங்கும் பக்கங்களில் குரல் கொடுத்து எச்சரிக்க இதைவிடப் பொருத்தமான நாயை நான் அறியேன்.

ராஜபாளையமும் நல்ல காவல் நாய்தான். உயரமும் வெள்ளை நிறமும் பார்த்தவுடன் மிரட்டும். சிப்பிப்பாறை ஓட்டத்துக்கும் முயல் வேட்டைக்கும் பெயர்பெற்றது, காவலில் அதற்கு இரண்டாம் இடம்தான். 2020-இல் இவ்விரண்டையும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் பதிவுசெய்தது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய, 23 வகை நாய்களுக்குத் தடை கோரிய சுற்றறிக்கையில் ஓநாய் நாய்களும் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தாலும், வாங்குமுன் உள்ளாட்சியிடமும் கால்நடை மருத்துவரிடமும் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஓநாயைப் பிடித்து உள்ளூர் நாயோடு சேர்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். இந்திய ஓநாய், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

கைபேசியில் படம் அனுப்பி ஓநாய்க் குட்டி என்று விற்பவரிடம் தாய் தந்தையின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மரபணுச் சோதனை முடிவும் கேளுங்கள். தண்டுவட நோயும் வளர்ச்சிக் குறைபாட்டுக் குள்ளமும் இந்த இரண்டு ஓநாய் இனங்களிலும் உண்டு. ராஜபாளையம் எடுப்பவர் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு வருவதுண்டு. கோம்பைக் குட்டியை எடுப்பதற்கு முன் அதன் தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள், முடிந்தால் இரவில், அவை காவல் காக்கும் நேரத்தில்.