நெல் ஸ்டோருக்கு எந்த ஈரப்பதன் கணக்கு: வீதமா, பனிபடுநிலையா?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் நெல் மூட்டை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் பெரிய கேள்வி, கதவை எப்போது திறப்பது என்பதுதான். அதற்கு எங்கள் ஸ்டோரில் நான் பார்ப்பது பனிபடுநிலை, அதாவது காற்றிலிருந்து தண்ணீர் படியத் தொடங்கும் வெப்பநிலை.

கடையில் வாங்கும் மலிவு ஈரப்பதன் மீற்றர் எல்லாமே காட்டுவது சாரீரப்பதன். அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இப்போது இருக்கிறது என்ற கணக்கு. ஆனால் வெப்பநிலை மாறினாலே எண்ணும் மாறிவிடும். காலையில் 25 பாகையில் 95 வீதம் இருக்கிற காற்று, நண்பகலில் 34 பாகைக்குச் சூடேறினால் 57 வீதம்தான் காட்டும். நீராவி அப்படியேதான் இருக்கும்.

தனியீரப்பதன் என்பது ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குகிறவருக்கு அது உதவும். நான் அதைப் பெரிதாகப் பாவித்ததில்லை.

பனிபடுநிலை என்றால், காற்று எத்தனை பாகைக்குக் குளிர்ந்தால் தண்ணீர் படியத் தொடங்கும் என்பது. சீமெந்துத் தரை அதைவிடக் குளிராக இருந்தால் வியர்க்கும். அடி மூட்டை நனையும். கதவைத் திறக்க எனக்கு இந்த ஒன்றே போதும்.

மழை விட்ட ஒரு நண்பகலை எடுங்கள். வெளியே 31 பாகை, 78 வீதம். இரவில் 24 பாகை, 98 வீதம். வீதத்தை நம்பினால் பகலில்தான் திறப்போம். கணக்கைப் பாருங்கள்: 100 இலிருந்து வீதத்தைக் கழித்து, 5 ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். பகலுக்கு 26.6, இரவுக்கு 23.6. தரை 25 பாகையில் இருந்தால் பகல் காற்றுத்தான் தரையை நனைக்கும், இரவுக் காற்று நனைக்காது. 50 வீதத்துக்கு மேல் இந்தக் குறுக்குவழி ஓரளவு சரியாக வரும். வரண்ட கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் நம்ப வேண்டாம். தரையின் சூட்டை அறிய, சின்ன வெப்பமானி ஒன்றை மூட்டை நிழலில் தரையோடு ஒட்டி வைத்தால் சரி.

ஆனால் மூட்டைக்குள் இருக்கிற நெல்லுக்கு வீதம்தான் பொருந்தும். சுற்றியுள்ள காற்றின் சாரீரப்பதனுக்கு ஏற்பத்தான் தானியம் ஈரம் ஏற்றும், இறக்கும். 70 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணத்துக்கு வழி. விதை நெல் நான் வைத்தது குறைவு, அதற்கு முளைதிறன் பார்த்தவர்களைக் கேளுங்கள். சாப்பாட்டு நெல்லுக்கு, கதவுக்குப் பனிபடுநிலை, மூட்டைக்கு வீதம் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.