குயில்ட்டுக்கு ஜோடியாகத் தலையணை உறை: அதே கட்டமா, ஒற்றை நிறமா?

கையால் தைத்த குயில்ட்டின் (துணித் துண்டுகளைக் கட்டங்களாக இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) கட்டங்களையே உறையிலும் தைப்பதா, அதிலுள்ள ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, சுற்றிலும் 2 அங்குல மடிப்பு ஓரம் விட்டுத் தைப்பதா?

கட்டம் என்றால் முதலில் கணக்கு. 20-க்கு 26 அங்குல உறையில் 12 அங்குலக் கட்டம் சரியாக அடங்காது. அதையே 6 அங்குலமாகச் சுருக்கினால், 3 வரிசையில் நாலு நாலாக 12 கட்டங்கள். சுற்றிலும் 1 அங்குல பார்டர் வைத்தால் அளவு கச்சிதம். பஞ்சு வைத்துத் தைக்கும்போது துணி சற்றுச் சுருங்கும். அதனால் ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, தைத்த பிறகு ஓரம் நறுக்குங்கள். உழைப்பு அதிகம், அழகும் அதிகம். ஆனால் தலைவைத்துப் படுத்தால் தையல் மேடுகள் கன்னத்தில் உறுத்தும் (காலையில் கண்ணாடியில் கோலம் பார்க்கலாம்!).

ஒற்றை நிற உறை ஒரே மாலை வேலை. துவைப்பதும் சுலபம். மிச்சத் துணியிலேயே தைத்தால் நிறம் பொருந்தும். குயில்ட் பலமுறை துவைத்து வெளுத்திருந்தால் மட்டும் புதுத்துணி பளிச்சென்று தனித்து நிற்கும்.

குயில்ட்டே நெருக்கமான வேலைப்பாடு என்றால் நான் ஒற்றை நிறத்துக்கே போவேன். எதுவானாலும் பின்பக்கம் ஜிப் வேண்டாம். இரு துண்டுகள் 5 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போதும்.