பொல்கொடையில் கொடுவா பிடிக்கத் திரை வேண்டுமா, நீரோட்டம் தெரிந்தால் போதுமா?

கொழும்பில் கொடுவாவுக்குப் போகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, மீன் காட்டும் கருவி (ஒலி அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் வரையும் சோனார்) இல்லாமல் வள்ளம் இறக்குவது பெட்ரோலுக்குக் கேடு. மட்டக்குளி, மோதரைப் பக்கம் வளர்ந்த மற்றக் கட்சியோ, நீரோட்டம் தெரிந்தவனுக்குத் திரை எதற்கு என்று கேட்கும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கட்சி சரி என்பது நீங்கள் நிற்கும் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது.

கணக்கு இதுதான். சாதாரணக் கருவி 200 கிலோஹேர்ட்ஸ் ஒலியைச் சுமார் 20 பாகைக் கூம்பாகக் கீழே அனுப்புகிறது. அந்தக் கூம்பு அடித்தளத்தில் போடும் வட்டம், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. 30 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் அகலம் தெரியும். 2 மீட்டர் ஆழத்தில் தெரிவது 70 சென்ரிமீட்டர். வள்ளத்தின் அகலம்கூட இல்லை. அதைப் பார்க்கவும் மீனின் தலைக்கு மேலாகவே வள்ளம் போக வேண்டும். பொல்கொடை ஏரியின் கரையோரத்திலும் நீர்கொழும்புக் களப்பிலும் கொடுவா அதுவரை காத்திருக்காது.

திரையை வாசிப்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். திரையின் வலது ஓரம் மட்டும்தான் இந்த நிமிடம். மிச்சமெல்லாம் கடந்துபோன தண்ணீர். நங்கூரம் போட்டு நிற்கையில் கீழே ஒரே ஒரு மீன் அசையாமல் கிடந்தாலும் திரையில் அது நீளக் கோடாக ஓடும், பெரிய கூட்டம் என்று தோன்றும். மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். சேற்றிலிருந்து எழும் குமிழியையும் மிதக்கும் பாசியையும்கூட அது மீனாக்கிவிடும். மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் ஒலி பலமானது, உண்மைதான். ஆனால் அது கொடுவாவா, மணலை மீனா என்று சாதாரணத் திரை சொல்லாது.

அப்படியானால் கருவி வீணா? இல்லை. இந்தக் களப்புகளில் அது மீனைக் காட்டுவதைவிட அடித்தளத்தைக் காட்டுவதில்தான் பெறுமதி. ஜிபிஎஸ் உள்ள ஐந்து அங்குலத் திரை ஒன்று, கார்மின் ஸ்டிரைக்கர் பிளஸ் மாதிரி, நீங்கள் ஓட ஓட ஆழக்கோடுகளை வரைந்து வைத்துக்கொள்ளும். சேற்றுத் தரை திடீரென இறங்கும் விளிம்பு, பழைய வாய்க்கால், அமிழ்ந்து கிடக்கும் மரம் எல்லாவற்றையும் புள்ளி போட்டு வைத்தால் அடுத்த முறை நேரே போய் நிற்கலாம். கொடுவா பதுங்கி நின்று அடிக்கும் மீன். அது நிற்க ஒரு மறைவு வேண்டும். அந்த மறைவைத்தான் கருவியிடம் கேட்க வேண்டும்.

நேரத்தைக் கேட்க வேண்டியது கடலிடம். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. ஆனாலும் பாணந்துறை முகத்துவாரம் போன்ற ஒடுங்கிய வாயில் அந்தச் சிறு வித்தியாசமே நல்ல இழுவை. வற்று தொடங்கிக் கண்டல் வேர்களுக்குள்ளிருந்து இறாலும் குஞ்சு மீனும் வெளியே இழுபடும்போது கொடுவா சாப்பிட நிற்கும். மட்டக்குளியில் ஒரு வள்ளக்கார அண்ணன் எனக்குக் காட்டித் தந்தது இன்றைக்கும் உதவுகிறது: "தம்பி, தூணுக்கு முன்னால பார்க்காதீங்க. பின்னால தண்ணி சுழிச்சு நிக்குதே, அங்க போடுங்க." ஓடும் நீருக்கும் நிற்கும் நீருக்கும் நடுவே நுரை கோடு கட்டியிருந்தது. அந்தக் கோட்டை எந்தத் திரையும் காட்டாது. தண்ணீரின் பளபளப்பை அடக்கும் துருவக் கண்ணாடி ஒன்று போட்டால் கண்ணே காட்டும்.

தூண்டிலில் கட்டி எறியும் உருண்டை சோனார் கரையில் நிற்பவருக்கு ஆழம் அளக்க உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் படம் எடுக்கும் சோனார் வேறு ரகம். ஹம்மின்பேர்ட் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த இந்த வழி, வள்ளத்தின் இரு புறமும் தள்ளிப் பார்க்கிறது. மீனை மிதிக்காமலே விழுந்த மரத்தைக் கிளை கிளையாகக் காணலாம். ஆழமில்லாத தண்ணீருக்கு என் தெரிவு இதுவே, காசு இடம் கொடுத்தால்.

நேரலைச் சோனார்? 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு அமெரிக்காவின் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளின் முகமே மாறியது. மீன் லூரை (போலி இரையை) நோக்கித் திரும்புவதே திரையில் தெரியும். 2025இல் மேஜர் லீக் ஃபிஷிங் என்ற போட்டி அமைப்பு தன் முதன்மைத் தொடரில் அதை நாளின் மூன்று கட்டங்களில் ஒன்றுக்கு மட்டுப்படுத்தும் அளவுக்கு அதன் பலம் பெரிது. ஆனால் அவர்களுடையது பெரும்பாலும் தெளிந்த, ஆழமான ஏரி. மீன் திறந்த நீரில் தொங்கி நிற்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அணைகளில் நம் கொடுவாவின் இனத்தையே இப்படித் தேடிப் பிடிக்கிறார்கள். கண்டல் வேருக்குள் பதுங்கிய மீனோ வேரோடு வேராகத் தெரியும். ஆயிரம் டொலருக்கு மேல் போட்டு, அதற்குத் திரையும் பெரிய பற்றரியும் வேறு வாங்கிப் பொல்கொடைக்கு எடுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கொழும்புக்கு வெளியே கடலில் போகிறவர் இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். 1917இல் ஜெர்மன் கண்ணிவெடிகளில் சிக்கிய வூஸ்டர்ஷையர், பேர்சியஸ் உட்பட எத்தனையோ கப்பல்கள் இந்தக் கரைக்கு அப்பால் கிடக்கின்றன. பாறை மீனும் கலவாயும் அப்படிப்பட்ட சிதைவுகளைச் சுற்றித்தான் கூடும். நாற்பது ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலைக் கண்ணாலும் நுரைக்கோட்டாலும் தேட முடியாது. அங்கே கருவி இல்லாதவர் தூண்டிலை வெறும் மணலில் இறக்குகிறார்.

களப்புக்கு மட்டும் போகிறவர் முதலில் வற்று பெருக்கு அட்டவணையும் துருவக் கண்ணாடியும் வாங்கட்டும். அடுத்தது ஜிபிஎஸ் உள்ள சிறு திரை. அதற்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒரு நாளுக்குத் தாராளம். உப்புத் தண்ணீர் படுவதால் இணைப்பு முனைகளை வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் பூசி வையுங்கள்.