ஐப்பசியில் வெளியே வரைய: ஆயிலா, அக்ரிலிக்கா?

ஐப்பசி, கார்த்திகையில் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் சட்டத்தை) தூக்கிக்கொண்டு படம் வரையக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஆயில் பெயிண்டா, அக்ரிலிக் பெயிண்டா? நான் ஆயில் பக்கம் சாய்ந்துவிட்ட ஆள். நடுநிலைத் தீர்ப்பு எதிர்பார்க்காதீர்கள்.

செலவு, வாடை, சுமை மூன்றிலும் அக்ரிலிக்குக்கே வெற்றி. ஆயிலைக் கரைக்கிற டர்பன்டைன் வேண்டாம், தண்ணீர் போதும், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். வாட்டர்கலரை இந்தப் பருவத்தில் நான் சேர்ப்பதே இல்லை. ஈரக்காற்றில் தாள் காயாது. நாலு தூறல் விழுந்தால் வானமும் வயலும் ஒன்றாகிவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது காயும் நேரம். நம்மூர் இலையுதிர்காலத்தில் சிவந்த இலைகள் ஏது? பிசானப் பருவ நெல் நட்ட வயலில் தேங்கிய தண்ணீர், பின்னால் பொதிகை மலையில் இறங்கிய மேகம். எல்லாமே சாம்பல்தான், ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை. மலை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஈரத்தோடு ஈரமாக இழைக்கத்தான் வேண்டும். அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்வது. இரண்டு மழைக்கு நடுவே வெயில் சுள்ளென்று அடித்தால் நிறம் கலக்கும் பேலட் தட்டிலேயே தோல் கட்டிவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும்; அளவு மீறினால் பிசுபிசுப்பு போகாது. போதாததற்கு, காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுக்கும். காலையில் பூசிய சாம்பலுக்கு இணையாகப் பத்து மணிக்குக் கலப்பது பெரும்பாடு. ஆயிலோ காற்றின் ஆக்சிஜனை எடுத்து மெல்ல இறுகுவது. காலையில் இட்ட மேக விளிம்பை மதியமும் தூரிகையால் இழுத்துக் கரைக்கலாம். தூறல் பட்டாலும் மேலே முத்தாக நிற்கும்.

அந்த நிதானமே தலைவலியும்தான். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு ஓரிரு நாளில் தொட முடிகிற அளவு காயும். டைட்டானியம் வெள்ளைக்குப் பல நாள் ஆகும். சாம்பல் படம் என்றால் வெள்ளை இல்லாத இடமே கிடையாது. அதனால் அடிப்பூச்சை அம்பரில் மெல்லிசாகப் போட்டுவிடுகிறேன். ஒரே அளவு கேன்வாஸ் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைகளில் தக்கைத் துண்டு கொடுத்துக் கிளிப் மாட்டினால் ஈரப் படமும் பஸ்ஸில் பத்திரமாக வரும். வீட்டில் பரணில் போடாதீர்கள்: மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், ஆயில் பெயிண்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். மேலே பாதுகாப்புக்குப் பூசும் வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுங்கள். ஐப்பசிப் படத்துக்குச் சித்திரையில்தான்.

தண்ணீரில் கரையும் ஆயிலை ஒரு நண்பரிடம் வாங்கித் தடவிப் பார்த்ததோடு சரி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வாடகை வீட்டில் ஒற்றை அறை, அதில் கைக்குழந்தை என்றால் யோசிக்காமல் அக்ரிலிக் வாங்குங்கள். ஆயில்தான் என்றால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள்.