அட்டை நகர்ந்தது, வேலை நகரவில்லை: பணிப்பலகைச் செயலியுடன் நான்கு பருவங்கள்

குழுவாகச் செய்யும் மென்பொருள் திட்டப்பணிக்கு நாங்கள் பயன்படுத்தும் பணிப்பலகைச் செயலி உதவுமா, அல்லது ஒரு விரிதாளும் வாட்ஸ்அப் குழுவுமே போதுமா என்று இளநிலை மாணவி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். வகுப்புக்குப் போகும் அவசரத்தில் "உதவும்" என்று சொல்லிவிட்டேன். அந்த விடை பாதி உண்மைதான் என்பது அன்று முழுவதும் உறுத்திக்கொண்டிருந்ததால், மீதியை இங்கே எழுதுகிறேன். நான்கு பருவங்களில் நான்கு திட்டப்பணிகளை ஒரே ஐவர் குழுவாக இந்தச் செயலியைக் கொண்டு செய்திருக்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் பத்திகளினிடையே அதை இழுத்து நகர்த்துவதுதான் பணிப்பலகை.

முதலில், இதற்குச் சேர வேண்டிய பாராட்டு. ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசித் தெளிய வேண்டிய இணைகள் 10. எட்டுப் பேரானால் 28. ஆள் கூடக்கூடப் பேச்சுச் சுமை இப்படிப் பெருகுவதை மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எடுத்துக்காட்டினார். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பத்து இணைகளின் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, யார் எதை ஏற்றுக்கொண்டார் என்பதே புதைந்துபோகிறது. பலகையில் அது ஒரு பார்வையில் தெரிகிறது. அதைவிட, நான் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு: ஒவ்வோர் அட்டையும் தன் வரலாற்றைத் தானே பதிந்து வைத்திருக்கிறது. இரண்டாவது திட்டப்பணியின் முடிவில் தனிநபர் பங்களிப்பு அறிக்கை கேட்டபோது, எங்களுக்குள் மனக்கசப்பு வராமல் காத்தது அந்த வரலாறுதான். அதிகம் பேசாத ஒரு தோழி எத்தனை பிழைகளைச் சத்தமின்றித் திருத்தியிருந்தார் என்பதை அன்றுதான் நாங்கள் நால்வரும் அறிந்தோம்.

ஆனால் "முடிந்தது" என்ற கடைசிப் பத்தியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்தப் பத்திக்குள் எந்த அட்டையையும் யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். செயலி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அட்டைக்குள்ளேயே இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் ஒன்றுகூடக் குறிக்கப்படாவிட்டாலும் அது தடுப்பதில்லை. ஒருவர் எழுதிய நிரல் குழுவின் பொது நிரலோடு இணைக்கப்பட்டவுடன் அட்டையைத் தானாக நகர்த்தும் வசதி இருக்கிறது, உண்மைதான். அதற்காக, இணைக்கப்படாத வேலையின் அட்டையைக் கையால் நகர்த்துவதை அது தடுத்துவிடுவதில்லை.

மூன்றாவது திட்டப்பணியான நூல் இரவல் பதிவுச் செயலியில் இதன் விலையைக் கொடுத்தோம். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தபோது 19 அட்டைகளில் 14 "முடிந்தது" பத்தியில் இருந்தன. பலகையின் மேலிருந்த பச்சைக் கோடு 74 சதவீதம் என்றது. வழிகாட்டி ஆசிரியரிடமும் அதையே சொல்லியிருந்தோம். அன்று மாலை ஐவரின் நிரலையும் முதன்முறையாக ஒன்றாக இணைத்தபோது செயலி திறக்கவே இல்லை. உள்நுழைவுப் பகுதி அதை எழுதிய நண்பரின் மடிக்கணினியில் மட்டும் ஓடியது. அதைச் சரிசெய்து உள்ளே போனால், திருப்பித் தர வேண்டிய தேதியைச் சர்வர் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அனுப்ப, திரைப்பகுதி ஆண்டு, மாதம், நாள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தது. இரண்டு பகுதிகளின் அட்டைகளும் மூன்று வாரங்களாக "முடிந்தது" பத்தியில் இருந்தவை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு அந்தச் சொல் "எழுதிவிட்டேன்" என்றும், இன்னொருவருக்கு "என் கணினியில் ஓடுகிறது" என்றும் பொருள்பட்டது; ஐந்து பொருள்களையும் ஒரே பச்சை நிறத்தில் காட்டியது செயலி.

இந்த முறையின் மூலத்தைத் தேடிப் படித்த பிறகு என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் முறையில், அட்டை உதிரிபாகங்கள் உள்ள பெட்டியோடு சேர்ந்தே பயணிக்கும்; பாகங்களைப் பயன்படுத்தத் தொடங்கும்போது அட்டை கழற்றப்பட்டு, மேலும் செய்து அனுப்பச் சொல்லி முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். பொருள் இல்லாமல் அட்டை மட்டும் முன்னே போக வழியில்லை. எங்கள் செயலி அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பெட்டியை விட்டுவிட்டது.

நான்காவது திட்டப்பணியில் குறையை நாங்களே அடைக்கப் பார்த்தோம். கடைசிப் பத்திக்கு முன் "இணைத்துச் சோதிக்க" என்றொரு பத்தியைச் சேர்த்து, அதில் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைக்கு மேல் நிற்கக்கூடாது என்று வரம்பு வைத்தோம். எழுதியவர் தன் அட்டையைத் தானே முடிக்கக்கூடாது என்றும் வகுத்தோம். "உள்நுழைவு" என்ற ஒற்றைச் சொல் அட்டையை, "தவறான கடவுச்சொல் கொடுத்தால் பிழைச் செய்தி தோன்ற வேண்டும்" என்பதுபோல் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்களாக உடைத்தோம். எதுவும் செய்யாத, ஆனால் திரையிலிருந்து தரவுத்தளம் வரை இணைந்து ஓடுகிற வெற்றுக் கூடு ஒன்றை முதல் வாரமே கட்டினோம். பருவத்தின் பாதியில் முடிந்த அட்டைகள் குறைவாகவே இருந்தன. ஆனால் எங்கள் செயலி ஒவ்வொரு மாலையும் ஓடியது. இவற்றில் எதையும் பலகை எங்களைச் செய்ய வைக்கவில்லை. வரம்பை மீறினால் பத்தியின் தலைப்பு சிவக்கும், அவ்வளவே. காவல் காத்தது நாங்கள்.

அந்த மாணவிக்கு என் விடை: முதல் திட்டப்பணிக்கு இதைப் பயன்படுத்துங்கள், வாட்ஸ்அப் குழுவைவிட இது எவ்வளவோ மேல். நானோ இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதைத் திறக்கப்போவதில்லை. எங்கள் நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் அதே கிட் களஞ்சியத்தில் பணிகளை ஓர் எளிய உரைக்கோப்பாக எழுதி வைத்திருக்கிறோம். ஒரு வேலையை எழுதியவர், அந்தக் கோப்பில் அதற்குரிய வரியைக் கோடிட்டு அடிப்பதையும் அதே புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையில், சேர்த்து அனுப்ப வேண்டும். மற்றொருவர் ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டால் நிரலும், அடிக்கப்பட்ட வரியும் ஒன்றாகவே எல்லோருடைய வேலையும் சேரும் மெயின் கிளைக்குள் வரும். நிறமும் இல்லை, சதவீதமும் இல்லை. நேற்று மாலை வரை மூன்று வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன, மூன்றும் ஓடுகின்றன.