நாலாம் ஸ்பீடில் மட்டும் ஓடிய கார் ஏசி ஃபேன்: ரெசிஸ்டர் மாற்றி மூன்று வருடம்

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண்ணாடியை இறக்கினால் மூக்கெல்லாம் தூசி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதத்தில், ஃபேனை ஒன்று, இரண்டு, மூன்று எதில் வைத்தாலும் காற்றே வரவில்லை. நாலில் வைத்தால் மட்டும் ஓவென்று அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா பேசியது எதுவும் காதில் விழவில்லை. ஹீட்டருக்கும் இதே ஃபேன்தான் என்பதால், மழையில் கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டவும் அந்த ஒரே வேகம்தான் மிச்சம்.

நாலில் ஓடுகிறது என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. குறைந்த வேகங்களில் கரண்ட், அதைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டர் என்ற பாகத்தின் சுருள்கள் வழியாகப் போகும். நாலில் அவற்றைத் தொடாமல் நேராகப் போகும். ரெசிஸ்டரில் சூட்டுக்கு அறுந்துபோகும் ஒரு ஃபியூஸ் உண்டு. அது போனால் மூன்று வேகமும் ஒரே நாளில் நின்றுவிடும். ஒரு சுருள் மட்டும் அறுந்தால் ஒன்றாம் ஸ்பீடு மட்டும் போகலாம். மாறாக நாலு மட்டும் ஓடவில்லை என்றால் ஸ்விட்சையோ ரிலேயையோ பார்க்க வேண்டும். தானாகவே குளிர்ச்சியைச் சரிசெய்துகொள்ளும் ஏசி உள்ள கார்களில் இந்தச் சுருள்களுக்குப் பதில் எலக்ட்ரானிக் பாகம் இருக்கும். அது வேறு கதை.

முதலில் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு டூப்ளிகேட் ரெசிஸ்டர் போட்டார்கள். இருபது நிமிட வேலை. எல்லா ஸ்பீடும் வந்ததும் நிம்மதியாக இருந்தது. செப்டம்பரில் மறுபடியும் அதே தொல்லை.

இந்த முறை ராயபுரத்தில் ஒரு வயதான ஏசி மெக்கானிக்கிடம் போனேன். பழைய ரெசிஸ்டரைப் பார்த்ததுமே, "இது ஏன் எரிஞ்சுதுன்னு யாருமே பார்க்கலையா தம்பி?" என்றார். கிளவ் பாக்ஸைக் கழற்றி, மோட்டாரையே கீழே இறக்கினார். அதன் சக்கரத்துக்குள் வேப்பிலையும் தூசியும் கட்டியாக அடைத்திருந்தன. எங்கள் தெருவில் கார் நிற்பது வேப்பமரத்தடியில். என் காரில், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டிருந்தார்கள், ஃபில்டர் கிடையாது.

அந்த ஃபேன் வீசும் காற்றுதான் ரெசிஸ்டரையும் குளிர வைக்கிறது. காற்று அடைபட்டால் அதன் சூடு ஏறும். மோட்டார் இறுகிச் சுற்றினால் கரண்டும் கூடுதலாக இழுக்கும். என் காரில் இரண்டுமே நடந்திருக்கிறது. ரெசிஸ்டரில் ஒயர்களைச் செருகும் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது, ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றுக்கு இது சகஜம் என்றார்.

கடையில் நின்ற இன்னொருவர், "அந்த ஃபியூஸுக்குப் பதிலா ஒரு ஒயர் போட்டுடலாம், செலவே இல்லை" என்றார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சூடு எல்லை மீறும்போது டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்காமல் காப்பதே அந்த ஃபியூஸ்தான். பெரியவரும் உடனே மறுத்துவிட்டார்.

மோட்டாரைச் சுத்தம் செய்து, உருகிய கனெக்டரை வெட்டிப் புதிது வைத்து, ஒரிஜினல் ரெசிஸ்டரும் ஃபில்டரும் போட்டதில் மொத்தம் 2,600 ரூபாய் ஆனது. அன்றைக்கு அது அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஃபேனுக்காகக் கடைக்குப் போகவில்லை.

ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே சேரும் வேப்பிலையை வாராவாரம் அள்ளிப் போடுகிறேன். போன மாதம் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன்: உருகவில்லை, பின்கள் பளிச்சென்று இருந்தன. இரண்டாம் ஸ்பீடில்தான் இப்போது தினமும் மணலிக்குப் போகிறேன்.